ஹால் மெயினை இறக்காதே

பிப்ரவரி 3, செவ்வாய்

மின்தடை: காலை 6.10 முதல் 6.14 வரை.

வடிவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. காலையில் ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். காபியைக் கொண்டுபோய் வைத்தேன். திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, "முடிச்சிட்டுக் காட்டுதேன். இன்னும் ரெண்டு வரிதான்" என்றாள். ஏழே காலுக்கு, காபி ஆறுகிறது என்று அடுக்களையிலிருந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தால் நாற்காலியில் வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருக்கின்றன. நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். எங்கள் மகள் பூரணிக்குச் சொல்லியாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டுவிட்டாள்.

பிப்ரவரி 4, புதன்

பார்க்கப் பத்து நிமிடம் விட்டார்கள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாளா, எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

மின்தடை: இல்லை.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். வீட்டு வயரிங் முழுக்க என் கை. மெயின் போர்டில் இரண்டு கைப்பிடி வைத்திருக்கிறேன். ஒன்று படுக்கையறைக்கும் ஃபிரிட்ஜுக்கும். மற்றது ஹாலுக்கு. ராத்திரி பத்து மணிக்கும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதும் ஹால் மெயினை இறக்கிவிடுவேன். 91-ல் ஒரு வீடு எரிந்ததை விசாரிக்கப் போயிருந்தேன். ராத்திரி அணைக்காமல் விட்ட ஸ்டெபிலைசர். அங்கே பார்த்ததை வடிவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

கிளம்பும்போது ஹால் கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் கம்ப்யூட்டரின் விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அன்று ஓடிய அவசரத்தில் மெயினை இறக்காமலே போயிருக்கிறேன், காலையிலிருந்தது அப்படியே இருக்கிறது. அதை இந்த வீட்டுக்கு விற்ற ரசூலுக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, வெளக்கு மினுக்குதா, நின்னு எரியுதா?"

"மினுக்குது."

"அப்ப அது அணையலை, தூங்குது. மதினி எழுதிக்கிட்டிருந்தத அப்படியே நெனவுல வச்சுக்கிட்டுத் தூங்குது. கரண்டு நின்னுச்சுன்னா நெனவு போயிரும்."

"சேமிச்சிருந்தா?"

"சேமிச்சிருந்தா ஒண்ணும் போகாது. சேமிச்சாகளான்னு அவுகளத்தான் கேக்கணும்."

ஒரு பொத்தானைத் தட்டினேன். திரை வெளிச்சமாகிப் பாஸ்வேர்டு கேட்டது. அதை உடைத்துத் திறக்க முடியுமா என்று ரசூலிடம் கேட்டேன். முடியும், ஆனால் அணைத்துப் போட்டுத்தான் உடைக்க வேண்டும் என்றார். அணைத்தால் எதற்காக உடைக்கிறோமோ அது இருக்காது.

அன்று அவள் கை மறைப்பதற்குள் மேலே இரண்டு வரியைப் படித்துவிட்டேன். "உங்களுக்கு." அதன் கீழே, "வாயால் சொன்னால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்."

டாக்டரிடம் இனி பேசுவாளா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது சார் என்றார். அவள் பேசாமலே போய்விட்டால் எனக்கென்று அவள் சொன்னது அந்தப் பெட்டிக்குள் இருப்பது மட்டும்தான். அது எனக்கு வேண்டும். திட்டியிருந்தாலும் வேண்டும்.

ஹால் மெயினை இறக்காமல் வீட்டைப் பூட்டினேன். தெரிந்தே அப்படிப் பூட்டியது இந்த வீட்டில் இது முதல் தடவை. பஸ் ஸ்டாப்வரை போய்விட்டு, ஏதாவது கருகும் வாசனை வருகிறதா என்று ஒருமுறை திரும்பி வந்து பார்த்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

என் மூளையை நம்புகிறேன், கையை நம்பவில்லை. முப்பத்து நாலு வருஷப் பழக்கம். ஆகவே அட்டை மாட்டிவிட்டேன். லைனில் ஆள் ஏறியிருந்தால் கீழே சுவிட்சில் அட்டை மாட்டுவோம். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும், மேலதிகாரி வந்தாலும் தொடக் கூடாது. அதுதான் விதி. ஸ்வீட் பெட்டி மூடியில் கொட்டை எழுத்தில் "ஹால் மெயினை இறக்காதே" என்று எழுதிக் கயிறு கோத்துத் தொங்கவிட்டேன்.

பூரணி பார்த்துவிட்டு, "யாருக்குப்பா இது? வீட்ல நீங்க மட்டுந்தான இருக்கீங்க" என்றாள்.

எனக்குத்தான் என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வடிவுக்கு ஒரு வார்த்தை வந்திருக்கிறது: "ஆமா."

பூரணி டீ வாங்கப் போன சமயம் பார்த்துக் கேட்டேன். "வடிவு, அன்னைக்கு எழுதுனதைச் சேமிச்சியா?"

"ஆமா."

"சேமிக்கலையோ?"

"ஆமா."

"நான் யாரு, கலெக்டரா?"

"ஆமா" என்றாள். வாயின் இடது பாதி சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் வெராண்டாவுக்குப் போய் நின்றுகொண்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். ஒரு நாளைக்கு நானூறு பேரைப் பேச வைத்தவள்.

பிப்ரவரி 12, வியாழன்

பாஸ்வேர்டு: பூரணியின் பெயர் இல்லை. வடிவின் அம்மா பெயர் இல்லை. எக்ஸ்சேஞ்ச் பெயரும் இல்லை. என் பெயரைப் போட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. போட்டேன். அதுவும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

மின்தடை: மாலை 4.02 முதல் 4.20 வரை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். தெருக்காரர் போனில் சொன்னதும் ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். மினுக்குகிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. 21-ம் தேதி சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. எங்கள் பகுதியில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்டு இருக்காது.

மேசைக்கடியில் ஒரு யூ.பி.எஸ். இருக்கிறது. தூங்குகிற பெட்டி மூன்று வாட்கூட இழுக்காது, ஆனால் யூ.பி.எஸ். பேட்டரி கிழடு. இரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம். எட்டு மணி நேரத்துக்கு வழியே இல்லை.

எனக்குக் கீழே வேலை பார்த்த முத்தையா இப்போது அந்த ஆபீசில் இருக்கிறான். கூப்பிட்டு, எங்கள் தெருவை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ள முடியுமா என்று கேட்டேன். "அண்ணே, ஒரு தெருவுக்காகத் தள்ளுனா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்" என்றான். கல்யாண வீட்டுக்காரர்களுக்கும், பிள்ளைக்குப் பரீட்சை என்று வந்தவர்களுக்கும் இருபது வருஷம் நான் சொன்ன பதில். வார்த்தைகூட மாறவில்லை. அதுவரை அது எவ்வளவு சரியான பதில் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ரசூல் கடையிலிருந்து இன்வெர்ட்டர் வருகிறது, ஒரு நாளைக்கு மட்டும். வடிவு பத்து வருஷமாகக் கேட்டாள். மின்வாரியக்காரன் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தால் ஊர் சிரிக்கும் என்று வாங்கவேயில்லை. "அம்மா நல்லா இருந்திருந்தா இதுக்கே மாலை போட்டிருப்பா" என்கிறாள் பூரணி.

பிப்ரவரி 21, சனி

மின்தடை: காலை 9.04 முதல் மாலை 4.48 வரை.

யூ.பி.எஸ். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி இன்வெர்ட்டரில் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. பதினோராயிரம் வோல்ட் லைனுக்குக் கீழே நின்று பீடி குடித்தவன் நான். இதற்குக் கை வியர்த்தது. பிடுங்கியதும் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பிளக் நுழையவில்லை. ரசூல் டார்ச் பிடித்தபடி, "அண்ணாச்சி, தலகீழா வச்சிருக்கீங்க" என்றார். திருப்பிச் செருகினேன். கத்தல் நின்றது. குனிந்து விளக்கைப் பார்த்தோம். மினுக்கியது.

நாள் முழுக்க அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவளைப் பார்க்கப் போகாமல் அவள் எழுதியதைப் பார்த்துக்கொண்டு இருந்தது சரியா என்று சாயங்காலம்தான் தோன்றியது. கரண்டு வந்தபின் பிளக்கைச் சுவருக்கு மாற்றி, இன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மின்தடை: இல்லை.

பூரணி இன்று நேராகவே கேட்டுவிட்டாள். "அப்பா, அம்மா என்ன எழுதியிருப்பான்னு பயப்படுதீங்க?"

பயமெல்லாம் இல்லை என்றேன்.

"கார்த்திகைக்கு நடந்தத நெனச்சுத்தான?"

போன கார்த்திகையில் எங்களுக்குள் ஒரு சின்ன மனஸ்தாபம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 25, புதன்

சின்னது இல்லை.

வடிவு தன் எக்ஸ்சேஞ்ச் நாட்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். திருக்கார்த்திகை அன்று காலையிலிருந்து உட்கார்ந்து பதினோரு பக்கம் தட்டியிருக்கிறாள். கையால் இணைப்புக் கொடுக்கும் பழைய பலகையை மூடிய கடைசி நாளைப் பற்றியது. சாயங்காலம் கம்ப்யூட்டரைத் தூங்க வைத்துவிட்டு விளக்கு வைக்க மாடிக்குப் போனாள். கோயிலுக்குக் கிளம்பும் அவசரம். நான் ஹால் மெயினை இறக்கினேன். அவளிடம் கேட்கவில்லை. திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று, அதற்குள் யூ.பி.எஸ். ஓய்ந்துவிட்டது. திரை இருட்டாக இருந்தது, அணைந்துவிட்டது என்று நினைத்தேன் என்று அவளிடம் சொன்னேன். விளக்கு மினுக்கியதை அன்றும் பார்த்தேன். இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அவள் அழுதபோது, "பேப்பர்ல எழுதியிருந்தா போயிருக்குமா?" என்றும் கேட்டேன்.

பத்தொன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. நானும் வீம்பாக இருந்தேன். அந்தப் பத்தொன்பது நாளில் ஒன்றையாவது திருப்பித் தரமாட்டார்களா என்று இப்போது ஏங்குகிறேன். அப்புறம் பேச்சு வந்தது, அந்தப் பதினோரு பக்கம் மட்டும் வரவில்லை. பத்து மணிக்கு நான் "அணைச்சிட்டியா" என்பேன். பதில் சொல்லாமல் எழுந்து போய் அணைப்பாள்.

மார்ச் 2, திங்கள்

"ஆமா", "இல்ல", "தண்ணி", "அப்ப". இவ்வளவு வந்திருக்கிறது. "ஆமா"வும் "இல்ல"யும் இன்னும் இடம் மாறித்தான் விழுகின்றன. பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஜெபசீலி, இடது கையால் எழுதப் பழக்குகிறாள். சிலருக்குப் பேச்சுக்கு முன்னால் எழுத்து வருமாம்.

ஜெபசீலி போனதும் நான் சிலேட்டை எடுத்து வடிவு மடியில் வைத்து, "பாஸ்வேர்டு" என்றேன். ஒரு கோடு போட்டாள். இன்னொரு கோடு. அப்புறம் கை நின்றுவிட்டது. கண்ணில் நீர் வழிந்தது. மறந்துவைத்த பையை எடுக்கத் திரும்பி வந்த ஜெபசீலி பார்த்துவிட்டாள். "சார், அவங்க உங்களுக்குப் பரீட்சை எழுத வரல" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். சிலேட்டை வாங்கி வைத்துவிட்டு வடிவின் கண்ணைத் துடைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

வாக்கர் பிடித்துப் பதினாறு அடி நடந்தாள்.

மார்ச் 9, திங்கள்

வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டை ஒட்டடை அடிக்க வேண்டும். குளியலறையில் பிடிமானக் கம்பி போட வேண்டும். முப்பத்து நாலு நாளாக அந்த விளக்கு மினுக்குகிறது. இன்னும் மூன்று நாள்தானே.

மார்ச் 11, புதன்

மின்தடை: இல்லை.

கம்பி போட்டாயிற்று. ஒட்டடை அடித்தாயிற்று. சாயங்காலம் அட்டையைக் கழற்றிப் பீரோவின் மேல் வைத்தேன். வாசலில் நுழைந்ததும் அதை வடிவு பார்த்தால் சிரிப்பாள் என்று ஒரு வெட்கம்.

மார்ச் 12, வியாழன்

மின்தடை: காலை 8.20 முதல் மாலை 5.40 வரை.

வடிவு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று பராமரிப்பு எதுவும் இல்லை. ஊரில் எங்கும் கரண்டு போகவில்லை. எங்கள் ஹாலில் மட்டும்தான் போனது.

காலையில் சட்டை மாட்டினேன். ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டை எடுத்தேன். செருப்பு போட்டேன். வீட்டைப் பூட்டினேன். நடுவில் என்ன செய்தேன் என்று நினைவே இல்லை. டாக்டர் வர மத்தியானம், மருந்துக் கடை, ஆம்புலன்ஸ் என்று சாயங்காலம் ஆகிவிட்டது. பூரணி வடிவைத் தாங்கிப் பிடித்திருக்க, நான் கதவைத் திறந்து ஹால் சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரியவில்லை. எரியாததைப் பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடி இறங்கியிருந்தது. யூ.பி.எஸ். கத்திக் கத்தி ஓய்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு விளக்கும் இல்லை.

அட்டையைக் கழற்றினால் லைன் நம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கை அதன் வேலையைச் செய்துவிட்டது. பிறரைச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. மாட்டியவனும் நான், கழற்றியவனும் நான், இறக்கியவனும் நான். இரண்டாவது தடவை.

வடிவு தூங்கியபின் அடுக்களையில் நின்று அழுதேன். பூரணி தண்ணீர் கொடுத்தாள். "பாஸ்வேர்ட உடச்சுப் பாத்துருவோமா? சேமிச்சிருந்தா இருக்குமே" என்றாள். வேண்டாம் என்றேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளே திறக்கட்டும். அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 14, சனி

மின்தடை: இல்லை.

காலை பத்து மணிக்குச் சொன்னேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கார்த்திகையில் விளக்கு மினுக்கியதைப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன் என்பதை முதலில் சொன்னேன். அப்புறம் அட்டை, பேப்பர் அறிவிப்பு, முத்தையா, இன்வெர்ட்டர், எல்லாம். கடைசியில் வியாழக்கிழமை. அட்டையை எடுத்துவந்து காட்டினேன், சாட்சி கொடுப்பவன் போல.

இன்வெர்ட்டர் என்றபோது புருவத்தைத் தூக்கினாள். வியாழக்கிழமைக்கு வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெகுநேரம் அட்டையைப் பார்த்தாள். பிறகு இடது கையால் ஹாலைக் காட்டினாள்.

நாங்கள் இருவரும் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தோம். பூரணி கம்ப்யூட்டரைப் போட்டாள். பாஸ்வேர்டு கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, பார் என்பதுபோல் காட்டினாள். ஒரு விரல், ஒவ்வோர் எண்ணாக. நாலாவது எண்ணுக்கே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு மின் இணைப்பு எண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லுவேன். அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

அவள் எழுதிய கோப்பு திரையின் நடுவில் இருந்தது. பெயர், "உங்களுக்கு."

"கடைசியாச் சேமிச்சது பிப்ரவரி மூணு, காலைல ஏழு பதினாலு" என்று பூரணி படித்தாள். "கார்த்திகைக்கு அப்புறம் அம்மா வரிக்கு வரி சேமிப்பாளே. ஒங்க கூட குடும்பம் நடத்துனா வேற வழி?"

முப்பத்தேழு நாள் நான் காவல் காத்தது ஒன்றுமில்லாததற்கு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூரணி எழுந்து அடுக்களைக்குப் போனாள். நான் படித்தேன்.

"உங்களுக்கு. வாயால் சொன்னால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். ராத்திரி தூங்க வைத்தால் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி. ஓடுகிற சாமானை விட்டுவிட்டு மனுஷன் தூங்கக் கூடாது என்பது உங்கள் கட்சி. மூன்று வருஷமாகப் பேசிவிட்டோம். பெட்டி தூங்கினால் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். 91-ல் அந்த வீட்டிலிருந்து வந்து நீங்கள் நாலு நாள் சாப்பிடாததும் தெரியும். நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. இனி பத்து மணிக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். நானே அணைத்துவிடுகிறேன். நான் மறந்துவிட்டாலோ ஊரில் இல்லாவிட்டாலோ, இடது மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். அணைக்கவா என்று கேட்கும். அழுத்துங்கள். உடனே மெயினுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். அது எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் அணையும். விளக்கு அணையும்வரை பொறுமையாக இருங்கள். அதன் பிறகு ஹால் மெயினை"

அதோடு நின்றிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "இறக்கிக்கோங்கன்னுதான எழுத வந்தே?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். "அப்ப. அப்ப." அது அப்போது எழுத வந்தது, இப்போது வேறு என்கிறாள்.

விட்ட இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைக்க ஐந்து நிமிடம் ஆனது. இடது கை ஆள்காட்டி விரல் ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அமுக்கியது. தப்பாக விழுந்ததை இரண்டு தடவை அழித்தாள். நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். "ஹால் மெயினை" என்பதற்குப் பின்னால் திரையில் ஒரு சொல் வந்தது: "தொடாதீங்க." அதைத் தட்டி முடித்ததும் முற்றுப்புள்ளி வைத்தாள். சேமித்தாள்.

தூங்க வைப்பதையும் அவளே செய்தாள். விளக்கு மினுக்கத் தொடங்கியது. பிறகு அட்டையைக் கேட்டாள். வாக்கரோடு மெயின் போர்டுவரை ஒன்பது அடி. கயிற்றைக் கைப்பிடியில் மாட்ட இடது கை மூன்று தடவை தவறியது. நாலாவது தடவை மாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். நான்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.